விலான் என்றால் என்ன? ஒரு நல்லூர் விடுதியை வைத்து ஈதர்நெற்றின் அடிப்படைச் சொற்கள்

நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் யாழ்ப்பாணத்தில் விடுதி அறை கிடைப்பது வலு கஷ்டம். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்திறங்கும் சனம் பெட்டியை வைக்க முதலே வைஃபை பாஸ்வேர்ட் கேட்கும். கோவிலுக்குக் கிட்ட இரண்டு மாடியில் ஒரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரவேற்பு மேசையில் பில் போடும் கணினி. குசினியில் சாப்பாட்டு ஓடர் அச்சடிக்கும் சின்னப் பிரிண்டர். வாசல், படிக்கட்டு, மதில் எல்லாவற்றிலும் கமெரா, அவற்றுக்கு ஒரு பதிவுப்பெட்டி. மேலே முகாமையாளரின் அறையும் விருந்தினர் அறைகளும். இவ்வளவும் இன்ரநெற்றை உள்ளே கொண்டுவரும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால், மலிவாக வாங்கிய இரண்டு சுவிட்ச்களில், அதாவது பல வயர்களை ஒன்றாகக் கொழுவும் பெட்டிகளில், செருகிக் கிடக்கின்றன.

எல்லாம் வேலை செய்கிறது. அதில்தான் பிரச்சினை. மேல்மாடி அறையில் இருப்பவர் மடிக்கணினியில் சும்மா தேடிப் பார்த்தாலே பில் கணினியும் கமெராப் பெட்டியும் அவர் கண்ணில் படும். குசினிப் பிரிண்டருக்குத் தன்னுடைய படத்தை அனுப்பி அச்சடிக்கவும் அவரால் முடியும்.

இந்தக் கூட்டத்தைப் பிரித்து வைக்கும் வழிகளில் ஒன்றுதான் விலான் (VLAN, மெய்நிகர் உள்ளக வலையமைப்பு). அதைப் படிக்கத் தொடங்கும் பெரும்பாலானோர் அக்செஸ், ட்ரங்க், டேக், பிவிஐடி, நேட்டிவ் என்று சொற்கள் வந்து குவிவதைக் கண்டு களைத்துப்போகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றி நிற்கின்றன: இந்த வயரில் போகிற தகவலில் விலான் எண் ஒட்டியிருக்கிறதா, இல்லையா? ஆனால் அந்தக் கேள்விக்கு வருவதற்கு முதல் ஈதர்நெற், அதாவது ஒரு கட்டடத்துக்குள் கணினிகளை வயரால் இணைக்கும் முறை, எப்படி நடக்கிறது என்பது தெரிய வேண்டும். விலான் தனியான தொழில்நுட்பம் இல்லை. ஈதர்நெற் பிறந்தபோதே கூடப் பிறந்த ஒரு குணத்துக்குப் பின்னாளில் செய்த வைத்தியம்.

எல்லோருக்கும் கேட்கும் ஒரே வயர்

1973 மே 22 அன்று, கலிபோர்னியாவில் இருந்த செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுநிலையத்தில் றொபேட் மெற்காஃப் ஒரு உள்ளகக் குறிப்பு எழுதினார். ஈதர்நெற் என்ற பெயர் அதிலிருந்துதான் வருகிறது. டேவிட் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் கட்டிய முதல் வலையமைப்பின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். தடித்த ஒரு கேபிள் கட்டடம் முழுக்க ஓடும். கணினிகள் எல்லாம் அதில் வந்து கொழுவிக்கொள்ளும். ஒன்று அனுப்பினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டியது ஒவ்வொரு கணினியின் பொறுப்பு. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக்கொள்ளும். அப்போது இரண்டும் நிறுத்தி, எழுமாறாக ஒரு சிறு இடைவெளி விட்டு, மறுபடி முயற்சி செய்யும்.

1980 இல் டிஜிட்டல், இன்டெல், செரொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெற்றை வெளியிட்டன. 1983 இல் ஐஈஈஈ என்ற பொறியியலாளர் அமைப்பு அதை 802.3 என்ற எண்ணோடு தரநிர்ணயம் ஆக்கியது. பெட்டியின் மேல் 802.3 என்று எதைப் பார்த்தாலும் அது ஈதர்நெற் சம்பந்தப்பட்டது.

இன்றைக்கு நாங்கள் பார்க்கிற மெல்லிய முறுக்கு வயரும் நட்சத்திரம் மாதிரி விரியும் இணைப்பும் தரநிர்ணயத்துக்குள் வந்தது 1990 இல். அதே ஆண்டில்தான் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் முதல் ஈதர்நெற் சுவிட்ச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று ஜாம் போத்தல் விளக்குக்கு எங்கட சனம் மாறியதும் அந்த ஆண்டுதான். அதனால் இந்த வளர்ச்சியின் நடுப்பகுதியை இங்கே யாரும் கிட்ட நின்று பார்க்கவில்லை. ஹப், தடித்த கேபிள் எல்லாம் பலருக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் கண்ட சாமான்.

ஹப்பும் சுவிட்ச்சும் பார்வைக்கு ஒன்று. ஹப் ஒரு போர்ட்டில் (வயர் செருகும் துளையில்) வந்த மின்குறியை மற்ற எல்லாப் போர்ட்டிலும் அப்படியே திருப்பி விடும். பழைய ஒற்றைக் கேபிளைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்ததுதான் அது. சுவிட்ச் முகவரி பார்த்து அனுப்பும். இப்போது கடையில் வாங்குவது எல்லாமே சுவிட்ச்தான், ஹப் என்று வாய்தவறிச் சொன்னாலும்.

வயரைப் பற்றிக் கொஞ்சம்

விலானோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. யாழ்ப்பாணத்தில் வலையமைப்புக் கோளாறு என்று கூப்பிடும் இடங்களில் நிறையப் பிழை வயரில்தான் இருக்கிறது.

ஈதர்நெற் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு சோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். செம்பு வயரில் கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் எட்டில் ஒன்று அறுந்தாலோ கேபிள் முனையில் உள்ள ஆர்ஜே45 தலையை நெரிக்கும்போது சரியாகப் பிடிக்காவிட்டாலோ, இணைப்பு முற்றாக நிற்காமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கலாம். “புது கிகாபிட் சுவிட்ச் போட்டும் வேகம் கூடேல்லை” என்று சொல்பவர்கள் முதலில் தலையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு செப்புக் கேபிளின் எல்லை 100 மீற்றர். விலை குறைந்த கேபிள் பெட்டிகளில் சில செம்பு பூசிய அலுமினியம். கமெராவுக்கு மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும்போது, அதாவது பிஓஈ என்ற முறையில், அலுமினியத்தின் தடை கூடுதலாக இருப்பதால் தூரத்துக் கமெராவுக்குப் போதிய அழுத்தம் போய்ச் சேராது. இரவில் கமெராவின் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அது நின்று நின்று வருவதன் காரணம் அநேகமாக இதுதான்.

இன்னொன்று மின்னல். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வீட்டிலிருந்து பின்வளவுக் கட்டடத்துக்கு வெளியால் இழுத்த செப்புக் கேபிள் ஒன்று போதும், இரு பக்கச் சுவிட்ச்சின் போர்ட்களும் கருகிப்போக. மின்னல் நேரே விழத் தேவையில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட செம்பில் அழுத்தம் தூண்டப்படும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரண்டு பக்கமும் ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் ஒவ்வொன்று வைத்தால் சரி. எரிந்த சுவிட்ச்சை ஆண்டுதோறும் மாற்றுவதைவிட அது மலிவு.

பிரேம், மேக் முகவரி, புரோட்காஸ்ட்

ஈதர்நெற்றில் தகவல் துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பிரேம் என்று பெயர். அதன் தொடக்கத்தில் யாருக்குப் போகிறது என்ற முகவரி 6 பைட், யாரிடமிருந்து வருகிறது என்ற முகவரி 6 பைட், உள்ளே என்ன வகைத் தகவல் என்று சொல்லும் 2 பைட். அதற்குப் பிறகு 46 முதல் 1500 பைட் வரை சரக்கு. கடைசியில் வழியில் ஏதும் சிதைந்ததா என்று பார்க்க 4 பைட். எல்லாம் கூட்டினால் ஒரு பிரேம் 64 பைட்டுக்குக் குறையாது, 1518 ஐத் தாண்டாது. இந்த 1518 ஐ நினைவில் வையுங்கள்.

அந்த 6 பைட் முகவரிதான் மேக் முகவரி. 48 பிட். முதல் பாதியை ஐஈஈஈ தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது, மறுபாதியை அந்த நிறுவனம் தன் ஒவ்வொரு சாமானுக்கும் வேறு வேறாகப் போடுகிறது. இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாங்களே ஒரு பொய் மேக் முகவரியை உண்டாக்கிக்கொள்வதால், “மேக்கை வைத்து ஆளைத் தடுத்துவிடுவேன்” என்று நம்பி இருக்க வேண்டாம்.

சுவிட்ச்சுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு பிரேம் 3 ஆம் போர்ட்டால் உள்ளே வந்தால், அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து “இவர் 3 இல் இருக்கிறார்” என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு வருவதை 3 ஆல் மட்டும் அனுப்பும். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து சத்தம் இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். பல சுவிட்ச்களில் அந்த நேரம் 300 விநாடி. அட்டவணையில் இல்லாத முகவரிக்கு ஒரு பிரேம் வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் அனுப்பிப் பார்க்கும்.

இந்த அளவில் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் பழைய ஒற்றைக் கேபிளின் குணம் ஒன்று இன்னும் போகவில்லை. 48 பிட்டும் 1 ஆக உள்ள ஒரு முகவரி இருக்கிறது. எல்லோருக்கும் என்பது அதன் கருத்து. அந்த முகவரிக்கு வரும் பிரேம்தான் புரோட்காஸ்ட். சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்டாலும் அனுப்பியே ஆகவேண்டும்.

புரோட்காஸ்ட் இல்லாமல் வாழவும் முடியாது. விருந்தினரின் போன் வைஃபைக்குள் வந்ததும் அதற்கு ஐபி முகவரி (இன்ரநெற் வரை போய்வர வேண்டிய, வலையமைப்பு கொடுக்கும் எண்) இல்லை, யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. “முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று எல்லோரையும் பார்த்துக் கூவும். டிஎச்சிபி என்ற சேவை அதைக் கேட்டுப் பதில் கொடுக்கும். அதே மாதிரி, 192.168.1.50 என்ற ஐபி யாருடையது, அவருடைய மேக் முகவரி என்ன என்று கேட்கும் ஏஆர்பி கேள்வியும் புரோட்காஸ்ட்தான்.

இப்போது விடுதியில் என்ன நடக்கலாம் என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் பயணப் பையில் ஒரு குட்டி ரவுட்டர் கொண்டுவருகிறார். அறைச் சுவரில் உள்ள ஈதர்நெற் துளையில் அதைச் செருகுகிறார், ஆனால் இன்ரநெற் உள்ளே வரவேண்டிய போர்ட்டை விட்டுவிட்டு மற்றப் போர்ட்டில். அந்தக் குட்டி ரவுட்டருக்குள்ளும் ஒரு டிஎச்சிபி இருக்கிறது. அடுத்த நாள் காலை பில் கணினியைப் போட்டதும் அது வழக்கம்போல் கூவும். குட்டி ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். பிழையான முகவரி, பிழையான வழி. கீழே பில் போட முடியாது, இன்ரநெற் கொம்பனிக்குப் போன் போகும். அந்தக் கொம்பனி பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒரு புரோட்காஸ்ட் எங்கெங்கே போய்ச் சேர்கிறதோ அந்த எல்லைக்குப் புரோட்காஸ்ட் டொமைன் என்று பெயர். எத்தனை சுவிட்ச்சைக் கோத்தாலும் அது ஒரே டொமைன்தான். ரவுட்டரில் மட்டும்தான் அது நிற்கும்.

எண் ஒட்டுதல்

இதைத் தவிர்க்க நேரான வழி உண்டு: அலுவலகத்துக்கு ஒரு சுவிட்ச், விருந்தினருக்கு ஒன்று, கமெராவுக்கு ஒன்று, மூன்றுக்கும் தனித்தனி வயர். வேலை செய்யும், பாதுகாப்பும் நல்லது. ஆனால் மேல்மாடிக்கு மூன்று கேபிள் இழுக்க வேண்டும். “தம்பி, சுவரை இன்னொருக்கா உடைக்கேலாது” என்று விடுதிக்காரர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

விலான் அந்த மூன்று சுவிட்ச்களையும் ஒரு சுவிட்ச்சுக்குள்ளே உண்டாக்குகிறது. பெல்கோர் ஆய்வுநிறுவனத்தில் இருந்த டேவிட் சின்கொஸ்கி 1980களில் இந்தச் சிந்தனையைத் தொடங்கி வைத்தார். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் பாட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தது. சிஸ்கோவின் முறை மற்றவர்களின் பெட்டிக்கு விளங்காது. 1998 இல் ஐஈஈஈ 802.1கியூ என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் எல்லாரும் ஒரு மொழியில் கதைக்கத் தொடங்கினார்கள்.

நீங்கள் சுவிட்ச்சுக்குள் போய் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு எண் கொடுக்கிறீர்கள். பில் கணினிக்கும் குசினிப் பிரிண்டருக்கும் 10. விருந்தினருக்கு 20. கமெராக்களுக்கு 30. எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை, உங்கள் வசதிதான். 10 இல் எழும் புரோட்காஸ்ட் 10 உள்ள போர்ட்களால் மட்டும் வெளியே போகும். 20 இல் குட்டி ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் பில் கணினிக்குக் கேட்காது. விலான் என்பது இவ்வளவுதான்: புரோட்காஸ்ட் டொமைனின் எல்லையை வயர் தீர்மானிக்காமல் நீங்கள் தீர்மானிப்பது.

ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். விடுதியில் இரண்டு இருக்கின்றன, இடையில் ஒரே கேபிள். மேல் சுவிட்ச்சிலிருந்து ஒரு பிரேம் அந்தக் கேபிளால் கீழே வந்தால், அது எந்த விலானைச் சேர்ந்தது என்று கீழ்ச் சுவிட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் டேக். பிரேமில் அனுப்பியவரின் முகவரிக்கு அடுத்ததாக 4 பைட் செருகப்படும். முதல் 2 பைட், “இதில் டேக் இருக்கிறது” என்று அறிவிக்கும் அடையாளம். மிச்சம் 16 பிட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு. ஐபி தொலைபேசியின் குரலை முதலில் விடச் சொல்வது போன்றவற்றுக்கு அது உதவும். 1 பிட், நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாமா என்பதற்கு. கடைசி 12 பிட் விலான் எண். 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0 உம் 4095 உம் ஒதுக்கப்பட்டவை என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 1 முதல் 4094 வரை. பிரேமின் உச்ச அளவு 1518 இலிருந்து 1522 ஆகிறது.

சாதாரணக் கணினிக்கும் பிரிண்டருக்கும் இந்த 4 பைட்டைப் பற்றி எதுவும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. டேக் ஒட்டுவதும் உரிப்பதும் சுவிட்ச்சின் வேலை.

அக்செஸ், ட்ரங்க்

கணினி, பிரிண்டர், கமெரா போன்ற கடைசிச் சாமான் செருகும் போர்ட் அக்செஸ் போர்ட். அது ஒரே ஒரு விலானைச் சேர்ந்தது. அந்த வயரில் பிரேம்கள் டேக் இல்லாமல் போகும், வரும். இரண்டு சுவிட்ச்சுக்கு இடையில் பல விலான்களைச் சுமக்கும் போர்ட் ட்ரங்க் போர்ட். அங்கே பிரேம்கள் டேக்கோடு போகும்.

முகாமையாளர் மேல்மாடியிலிருந்து குசினிப் பிரிண்டருக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறார். அவருடைய கணினி மேல் சுவிட்ச்சின் 2 ஆம் போர்ட்டில், அது விலான் 10 இன் அக்செஸ் போர்ட். பிரேம் டேக் இல்லாமல் சுவிட்ச்சுக்குள் வருகிறது. 2 ஆம் போர்ட் 10 ஐச் சேர்ந்தது என்பதால் சுவிட்ச் அதை 10 என்று மனதில் வைத்துக்கொள்கிறது. விலான் 10 க்கான அட்டவணையில் பார்த்தால் பிரிண்டர் 8 ஆம் போர்ட்டின் பக்கம். 8 ஆம் போர்ட் ட்ரங்க், ஆகவே 10 என்ற டேக்கை ஒட்டி வெளியே விடுகிறது. கீழ்ச் சுவிட்ச் தன் 8 ஆம் போர்ட்டால் அதை வாங்கி, டேக்கை வாசித்து, தன் விலான் 10 அட்டவணையில் தேடுகிறது. பிரிண்டர் 3 இல். 3 அக்செஸ் போர்ட்; டேக்கை உரித்துவிட்டுக் கொடுக்கிறது. பிரிண்டருக்கு வந்தது டேக் இல்லாத அதே சாதாரணப் பிரேம்தான்.

இந்த ஒரு பயணத்தைக் கடதாசியில் இரண்டு முறை வரைந்து பார்த்தால் மிச்சச் சொற்கள் தாமாக விளங்கும்.

எல்லா நிறுவனமும் ஒரே சொல்லைப் பாவிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அக்செஸ், ட்ரங்க் என்பது சிஸ்கோ வழக்கம். எச்பியின் பழைய புரோகேர்வ் சுவிட்ச்களில் ட்ரங்க் என்றால் இரண்டு மூன்று கேபிளைச் சேர்த்து ஒரே இணைப்பாக்குவது, விலானோடு சம்பந்தம் இல்லை. டிபி-லிங்க் போன்ற சின்னச் சுவிட்ச்களில் ட்ரங்க் என்று எழுதியிராது. ஒவ்வொரு விலானுக்கும் ஒவ்வொரு போர்ட்டும் டேக்ட், அன்டேக்ட், உறுப்பினர் இல்லை என்ற மூன்றில் எது என்று கேட்கும். அக்செஸ் போர்ட் என்றால் தன் விலானில் அன்டேக்ட், மற்றவற்றில் உறுப்பினர் இல்லை. ட்ரங்க் என்றால் சுமக்கும் விலான்களில் டேக்ட்.

அங்கே தொடக்ககாரரை நன்றாகச் சுற்றவைப்பது பிவிஐடி. அன்டேக்ட் என்று குறிப்பது வெளியே போகும் பிரேமுக்கு: போகும்போது டேக்கை உரி. டேக் இல்லாமல் உள்ளே வரும் பிரேமை எந்த விலானில் சேர்ப்பது என்பதைச் சொல்வது பிவிஐடி. இது வேறு பக்கத்தில் இருக்கும். முதலாவதை 20 என்று மாற்றிவிட்டு இரண்டாவதை 1 இலேயே விட்டால், சாமான் அனுப்புவது விலான் 1 க்குள் போய்விடும், 20 இலிருந்து அதற்கு வருவது மட்டும் வந்துசேரும். ஒரு வழிப் பாதை. டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று தலையைப் பிய்க்கிறவர்கள் முதலில் பிவிஐடி பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நேட்டிவ் விலான் இதே சங்கதியின் ட்ரங்க் பக்கம். ட்ரங்க்கிலும் டேக் இல்லாமல் ஒரு பிரேம் வரலாம். அதைப் போடும் விலான்தான் நேட்டிவ். சுவிட்ச்சைக் கடையில் வாங்கிவரும்போது அது 1. இரண்டு முனையிலும் வேறு வேறு எண் இருந்தால் ஒரு விலானின் பிரேம்கள் மற்றதற்குள் கசியும். விருந்தினர் விலானின் எண்ணையே நேட்டிவ்வாகவும் வைத்தால், ஒருவர் வேண்டுமென்றே இரட்டை டேக் ஒட்டிய பிரேமை அனுப்பி அடுத்த விலானுக்குள் தள்ளும் தந்திரமும் உண்டு. யாருக்கும் கொடுக்காத ஒரு எண்ணை, 999 மாதிரி ஒன்றை, நேட்டிவ்வுக்கு வைத்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

இவையெல்லாம் செய்ய அமைப்புப் பக்கம் உள்ள சுவிட்ச் வேண்டும். கடையில் ஸ்மார்ட் அல்லது மனேஜ்ட் என்று கேளுங்கள். சாதாரணச் சுவிட்ச்சில் பெரும்பாலானவை டேக் ஒட்டிய பிரேமைத் தொடாமல் கடத்திவிடும், ஆனால் எதையும் பிரிக்காது. நடுவில் அப்படி ஒன்றைச் செருகினால் போட்ட திட்டம் குழம்பும்.

வைஃபை வழங்கும் அக்செஸ் பொயின்ற்றும் ட்ரங்க்கில்தான் செருக வேண்டும். அலுவலகம் என்ற பெயரில் ஒரு வைஃபை, விருந்தினர் என்ற பெயரில் இன்னொன்று. முதலாவதில் வருபவர்களுக்கு 10 என்ற டேக்கும் மற்றவர்களுக்கு 20 உம் ஒட்டி அது சுவிட்ச்சுக்கு அனுப்பும். ஆனால் விருந்தினர் எல்லோரும் ஒரே விலான் 20 இல் இருப்பதால் ஒருவர் மற்றவரைப் பார்ப்பதை விலான் தடுக்காது. அதற்கு அக்செஸ் பொயின்ற்றில் கிளையன்ட் ஐசொலேஷன் என்று தனியான ஒரு தெரிவு இருக்கிறது.

வேலியும் படலையும்

விலான் 10 க்கும் 20 க்கும் இடையில் சுவிட்ச் எதையும் கடத்தாது. ஆனால் மூன்று விலானுக்கும் இன்ரநெற் வேண்டும். முகாமையாளர் தன் மேசையிலிருந்து கமெராவைப் பார்க்கவும் வேண்டும். அப்போது ரவுட்டர் உள்ளே வருகிறது.

ஒவ்வொரு விலானுக்கும் தனி ஐபி வட்டம் கொடுப்பது வழக்கம். 10 க்கு 192.168.10 இல் தொடங்குவது, 20 க்கு 192.168.20, 30 க்கு 192.168.30. விலான் எண்ணையே ஐபியிலும் வைத்தால் பிறகு பார்க்கிறவருக்கும் விளங்கும். ரவுட்டரிலிருந்து கீழ்ச் சுவிட்ச்சுக்கு ஒரே கேபிள், அதுவும் ட்ரங்க். ரவுட்டருக்குள் அந்த ஒரு போர்ட்டிலேயே மூன்று விலானுக்கும் மூன்று முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி, அதுதான் அந்த விலானின் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல். 10 இலிருந்து 30 க்குப் போகும் பொதி (ஐபி முகவரியோடு போகும் தகவல் துண்டு) அதே கேபிளால் ரவுட்டருக்கு ஏறி, டேக் மாறி, அதே கேபிளால் இறங்கும். விடுதி அளவுக்கு இது தாராளம். பெரிய இடங்களில் கேபிள் ஒன்று போதாது என்பதால் ரவுட்டர் வேலையையும் செய்யும் லேயர் 3 சுவிட்ச் வைப்பார்கள்.

இங்கேதான் பலர் நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். ஒரு வளவைப் பிரித்துக் கிடுகு வேலி அடைத்து, நடுவில் படலையையும் வைத்து, அதைத் திறந்தபடி விட்டால் வேலியால் என்ன பிரயோசனம்? ரவுட்டர் என்ற படலை தானாக மூடாது. தன்னோடு இணைந்த எல்லா ஐபி வட்டத்துக்கும் இடையில் கடத்துவதுதான் அதன் பிறவிக் குணம். 20 இலிருந்து 192.168.10 இல் உள்ள பில் கணினியின் முகவரியைத் தட்டினால் மரியாதையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விலான் போட்டுவிட்டேன், பாதுகாப்பு வந்துவிட்டது என்று சொல்வது அரைவேலை. புரோட்காஸ்ட்டை மட்டும்தான் தடுத்திருக்கிறீர்கள்.

மற்றப் பாதியை ரவுட்டரின் ஃபயர்வோலில், அதாவது எதை விடுவது எதை மறிப்பது என்ற விதிகளை வைத்திருக்கும் பகுதியில், எழுதவேண்டும். 20 இலிருந்து இன்ரநெற்றுக்கு விடு, 10 க்கும் 30 க்கும் விடாதே. 10 இலிருந்து 30 இல் உள்ள பதிவுப்பெட்டிக்கு விடு. 30 இலிருந்து வெளியே எங்கும் விடாதே. கமெராக்கள் தாமாக இன்ரநெற்றில் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருக்கும் முதலாளி கமெராவைப் போனில் பார்க்க ஆசைப்பட்டால், கமெராவை வெளியே திறந்துவிடாமல் ரவுட்டரில் விபிஎன் (இன்ரநெற்றுக்குள்ளால் போகும் பூட்டிய தனிப்பாதை) வைத்து உள்ளே வரச் சொல்லுங்கள். எழுதிய பிறகு விருந்தினர் வைஃபையில் ஏறி, பில் கணினியின் ஐபிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் சோதனை) அடித்துப் பாருங்கள். பதில் வரக்கூடாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் அங்கிருந்து திறக்கக்கூடாது. இதை மறக்கிறவர்கள் நிறையப்பேர்.

வளையம்

ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே சுவிட்ச்சில் செருகிவிட்டால் ஒரு புரோட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். ஐபி பொதிக்கு ஆயுள் எண் உண்டு, ஈதர்நெற் பிரேமுக்கு அது கிடையாது. கொஞ்ச நேரத்தில் சுவிட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்ன, வலையமைப்பு செத்துப்போகும். 1985 இல் ரேடியா பேர்ல்மன் கண்டுபிடித்த ஸ்பானிங் ட்ரீ என்ற முறை வளையத்தை அறிந்து ஒரு போர்ட்டை அடைத்துவிடும். மனேஜ்ட் சுவிட்ச்களில் அது இருக்கும், சில சின்ன ஸ்மார்ட் சுவிட்ச்களில் வளையம் கண்டுபிடிக்கும் எளிய தெரிவு மட்டும் இருக்கும். எதுவானாலும் போட்டு விடுங்கள். விலான் பிரித்திருந்தால் 20 இல் வந்த வளையத்தின் பிரேம்கள் 10 இன் போர்ட்களுக்குப் போகமாட்டா. ஆனால் ட்ரங்க் கேபிள் இருவருக்கும் பொது என்பதால் அலுவலகமும் திணறும்.

மாற்றத் தொடங்க முதல்

சுவிட்ச்சின் அமைப்புப் பக்கமும் ஏதோ ஒரு விலானில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் 1 இல். அதற்குப் பெயர் மனேஜ்மன்ற் விலான். நீங்கள் எந்தப் போர்ட்டில் மடிக்கணினியைச் செருகி வேலை செய்கிறீர்களோ, அந்தப் போர்ட்டையே 20 க்கு மாற்றிச் சேமித்தால் அந்த நிமிடமே வெளியே நிற்பீர்கள். 1 இல் வேறு போர்ட் எதுவும் மிச்சம் இல்லாவிட்டால், திரும்பி உள்ளே வர, பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழி இருக்காது. அதனால் ஒரு போர்ட்டை 1 இலேயே விட்டு அதிலிருந்து வேலை செய்யுங்கள். முதலில் ட்ரங்க் போர்ட்களை அமையுங்கள், பிறகு கமெரா, பிறகு விருந்தினர், பில் கணினியைக் கடைசியாக. திருவிழாக் காலத்தில் தொடவே வேண்டாம். எல்லாம் சரியென்று கண்டபின் மனேஜ்மன்ற்றையும் 1 இலிருந்து எடுத்து வேறு எண்ணுக்கு மாற்றலாம், அந்த விலானுக்குள் போக வழி இருக்கிறதா என்று முதலே பார்த்துவிட்டு. சில சுவிட்ச்களில் சேமி என்ற பொத்தானைத் தனியாக அழுத்தாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எந்தப் போர்ட்டில் எது, எந்த விலான், டேக்கா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.